இரத்தங் குடிக்கும் பிணங்கள்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்குச் சிரிப்பை உண்டாக்கலாம். சென்ற வாரம் நண்பர் ஒருவர் வீட்டில், இரவு ஒன்பது மணி முதல் நாலு பழைய மேல்நாட்டுப் பேய்ப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தோம். புதைக்கப்பட்ட பிணம் இரவில் எழுந்து வந்து, உயிரோடிருப்பவரின் இரத்தத்தைக் குடிக்கிறது என்பதே நாலுக்கும் கதை. அப்பிணத்திற்கு ‘வாம்பயர்’ என்று பெயர். “பேயில்லை என்று பிரசாரம் செய்கிற உமக்குப் பேய்ப் படம் எதற்கு?” என்று ஒரு தோழர் கேட்டார். “பேயில்லை என்கிறவன்தானே ஐயா, பார்த்துவிட்டு இருட்டில் தனியாக வீடு போய்ச் சேர முடியும்!” என்றேன்.

முதற்படம் 1922-ல் ஜெர்மனியில் முர்னோ என்பவர் எடுத்த ‘நாஸ்ஃபெராட்டு’ என்னும் ஊமைப்படம். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலை அனுமதியின்றி எடுத்தாண்டதால், அவர் மனைவியார் வழக்காடி, பிரதிகளை அழித்துவிடும்படி தீர்ப்பு வாங்கினார். ஆனாலும் சில பிரதிகள் தப்பிவிட்டன. செத்தும் சாகாதது உலகில் ஒன்று உண்டென்றால் அது அந்தப் படச்சுருள்தான்!

அப்படத்தில் சூரிய வெளிச்சத்தில் பேய் அழிகிறது. நாவலிலோ அது பகலிலும் நடமாடுகிறது. ஆகவே, வெயில் பட்டால் வாம்பயர் மாயும் என்பது சினிமாக்காரர் பரப்பிய சாஸ்திரம். வயது நூறுக்குச் சற்று அதிகம். இன்று யாரைக் கேட்டாலும் ஆதிகாலந்தொட்டு வந்த ஐதீகம் என்பார்கள். ‘பழமை’ எவ்வளவு சீக்கிரம் உற்பத்தியாகிறது பாருங்கள்!

நிற்க, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 1931-ல் பேலா லுகோஷி நடித்த ‘டிராகுலா’விலும், 1958-ல் கிறிஸ்டோபர் லீ நடித்த வர்ணப் படத்திலும், வான் ஹெல்சிங் என்றொரு படிப்பாளி வருகிறார். பேயுண்டு என்று சொல்லி, ஆப்படிக்க வழிகாட்டுகிறவர் அவரே. நம்பாதவன்தான் அங்கே முட்டாள். 1932-ல் டிரையர் எடுத்த ‘வாம்பயர்’ படத்திலோ கிராம வைத்தியரே பேய்க்குக் கையாள்! ஆகச் சினிமாவில் படித்தவன் பேய்க்குப் பூசாரி, அல்லது வேலைக்காரன்.

உண்மையில் நடந்ததென்ன? 1732-ல் செர்பியாவிலுள்ள ஒரு கிராமத்தில் பிணங்களைத் தோண்டிப் பார்த்த ராணுவ வைத்தியர்கள், சில பிணங்கள் அழுகவில்லை, உள்ளே இரத்தமிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஐரோப்பா முழுதும் பரபரப்பு. கண்டதை எழுதினார்களேயொழியக் காரணத்தைக் கேட்டார்களில்லை. குளிரில் பிணம் மெதுவாகத்தான் அழுகும். உள்ளே வாயு சேர்ந்து வயிறு உப்பும். அது நெருக்குவதால் வாயில் கருஞ்சிவப்பு நீர் வடியும். தோல் சுருங்குவதால் நகம் வளர்ந்ததுபோல் தோன்றும். ஆப்படித்தால் வாயு வெளியேறி முனகல்கூடக் கேட்கும். இதில் பேய் எங்கே வந்தது?

1755-ல் ஆஸ்திரிய அரசி மரியா தெரசா, தம் அரண்மனை வைத்தியர் வான் ஸ்வீட்டனிடம் இவ்விஷயத்தை விட்டார். இவையெல்லாம் இயற்கையாக நடப்பவையே, மற்றது அறியாமை என்று அவர் அறிக்கை கொடுத்தார். உடனே அரசி, ஜனங்கள் தம்மிஷ்டத்திற்குப் பிணத்தைத் தோண்டி எரிப்பதைத் தடுத்துச் சட்டம் செய்தார். சினிமா வைத்தியர் ஆப்பைக் கொடுத்தார்; நிஜ வைத்தியர் அதைப் பிடுங்கினார்!

அத்தோடு முடிந்ததா? இல்லை. க்ஷயரோகத்திற்குக் காரணம் ஒரு கிருமி என்று ராபர்ட் கோக் 1882-ல் உலகத்திற்கு நிரூபித்தார். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், எக்ஸிடர் என்னும் ஊரில், ஒரே குடும்பத்தில் முதலில் தாய் செத்தாள். மூத்த மகள் செத்தாள். பிறகு, கோக் நிரூபித்துப் பத்து வருஷங் கழித்து, 1892-ல், 19 வயதான மெர்ஸி பிரவுன் செத்தாள். எல்லாம் க்ஷயம். மகன் எட்வினும் படுக்கையில். செத்தவர்களில் ஒருவர்தான் அவனை உறிஞ்சுகிறார் என்று ஊரார் தகப்பனை நெருக்கினார்கள். பனிக்காலத்தில் இறந்து இரண்டு மாதமேயான மெர்ஸியின் உடல் அழுகவில்லை. நுரையீரலில் க்ஷயத்தின் அடையாளமிருப்பதைப் பரிசோதித்த டாக்டர் சொன்னார். யார் கேட்டார்கள்? இருதயத்தை எரித்து, அந்தச் சாம்பலைக் கரைத்து எட்வினுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்திற்குள் அவனும் செத்தான்.

தோழர்களே! அந்த ஊரார் கொடியவர்களா? இல்லை. பிள்ளையைப் பிழைக்கவைக்கவே பாடுபட்டார்கள். அன்பு இருந்தது, அறிவைக் கேட்கத்தான் மனமில்லை. அக்காலத்தில் க்ஷயத்திற்கு மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் நோயாளியைத் தனியறையில் வைத்து, நல்ல காற்றும் ஆகாரமும் கொடுக்கச் சாம்பல் எதற்கு?

இன்று மருந்து இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமலே கொடுக்கிறார்கள். சாதாரணமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகிறது. அப்படியிருக்க, இரண்டு வாரத்திற்குமேல் இருமுகிறவனை மந்திரிக்க அழைத்துப் போகிறவனுக்கும், சாம்பலைக் கரைத்த எக்ஸிடர்க்காரனுக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்காவது மருந்தில்லை என்ற சாக்கு உண்டு, இவனுக்கு அதுவுமில்லை.

பேய்ப் படங்களைப் பாருங்கள், நன்றாகப் பயப்படுங்கள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. விளக்கைப் போட்டதும் அந்தப் பயத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வாருங்கள். வீட்டில் இருமுகிறவர் இருந்தால், காலையில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.