கல்வி மாவட்டத்தின் கணக்கும் நம் பிள்ளைகளின் கணக்கும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், அரசுப் பள்ளிகள் ஒரு மாவட்டத்தில் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். இது கைதட்டல் வாங்கித் தரும் பொருளன்று. ஆயினும், எந்த மேசையில் எந்த முடிவு எடுக்கப்படுகிறது என்பதை அறியாதவர்கள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு தவறான வாசலில் காத்துக்கிடக்கிறார்கள். அவ்வாறு காத்துக்கிடந்தவர்களுள் பெரும்பாலோர் நம் மக்களே என்பதால் பேச ஒப்புக்கொண்டேன்.

தமிழ்நாட்டின் 38 வருவாய் மாவட்டங்களிலும் கல்வித் துறையின் தலைமை, முதன்மைக் கல்வி அலுவலரிடம் இருக்கிறது. அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு ஒன்றிய அளவில் வட்டாரக் கல்வி அலுவலர். இந்த அமைப்பு அடிக்கடி மாறி வந்துள்ளது. தொடக்கக் கல்விக்கெனத் தனி இயக்ககம் 1986 இல் ஏற்பட்டது. 2018 இல் மாவட்ட அளவில் தொடக்கக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் ஒரே அலுவலரிடம் இணைத்தார்கள். 2022 இல் மீண்டும் பிரித்தார்கள். பெயர்ப்பலகை எழுதுபவர்க்கு ஓயாத வேலை! பிள்ளைகளுக்கு இதனால் என்ன விளைந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பெரியவர்கள் சிலருக்குப் பழைய முறை நினைவிருக்கும். மாவட்ட வாரியம் எனப்பட்ட ஜில்லா போர்டுகள் நடத்திய பள்ளிகள் இருந்தன. 1958 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் வழியே ஊராட்சி ஒன்றியங்கள் அமைக்கப்பட்டபோது, தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் ஒன்றியத்தின் கையில் இருந்த காலம் அது. 1981 ஜூன் முதல் நாள்தான் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள்.

"உள்ளூர் மக்களின் கட்டுப்பாட்டில் பள்ளி இருந்தால் சிறக்கும்" என்று கல்வியறிஞர் சிலர் கூறுவதுண்டு. அமெரிக்க நாட்டில் பள்ளி மாவட்டம் என்றே தனி அமைப்பு உண்டு. ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியம் அதனை நடத்துகிறது. உள்ளூர்ச் சொத்து வரி அதன் வருவாயில் ஒரு முக்கியப் பங்கு. ஆதலின் செல்வர் வாழும் பகுதிப் பள்ளிக்குச் செல்வமும், ஏழைகள் பகுதிப் பள்ளிக்கு ஏழ்மையும் வாய்ப்பதை அந்நாட்டாரே குறை கூறி வழக்காடி வருகின்றனர். நம் நாட்டிலோ "உள்ளூர்க் கட்டுப்பாடு" என்றால் உள்ளூரில் யாருடைய கட்டுப்பாடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நிலமும் ஊர்ப் பெரிய தனமும் எவரிடம் இருந்தனவோ, அவருடைய கட்டுப்பாடுதான். ஆசிரியர் அரசு ஊழியரானது அந்தப் பிடியிலிருந்து அவரை விடுவித்தது. இதை நான் முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆனால் அதே வேளையில், பள்ளி எவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்னும் வினாவுக்கு "மேலே" என்பதே ஒரே விடையாகிவிட்டது.

நம் தெருக்களில் வேறொரு வகைப் பள்ளியும் உண்டு. முதியவர்கள் இன்றும் அதை "லேபர் ஸ்கூல்" என்பார்கள். பொதுப் பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கப்பட்டதால், 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை தனியே தொடங்கியவை அவை. நாடு விடுதலை பெற்றபின் அரிசன நலத் துறைக்கும், பின்னர் ஆதிதிராவிடர் நலத் துறைக்கும் வந்தன. இப்பள்ளித் தலைமையாசிரியர்க்கு எசமானர் இருவர். சம்பளம், மாறுதல், கட்டடம் ஆகியவற்றுக்கு நலத் துறை. பாடத்திட்டம், தேர்வு ஆகியவற்றுக்குக் கல்வித் துறை. நலத் துறையின் மாவட்ட அலுவலர் பெரும்பாலும் வருவாய்த் துறையிலிருந்து வருபவர். பட்டா வழங்கலை நன்கறிவார். வகுப்பறையில் வாசிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. போதாக்குறைக்கு, விடுதிக் காப்பாளர் பணிக்கும் இத்துறை ஆசிரியர்களையே எடுக்கிறார்கள்.

இப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையுடன் இணைப்பதாக 2023-24 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என 2024 ஜூனில் நீதியரசர் சந்துரு அவர்களின் குழுவும் பரிந்துரைத்தது. நம்மவரிடையே இதில் இரு கருத்து உண்டு. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் உள்ள பெயர் போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பள்ளி நிற்கும் நிலமும், விடுதியும், தனி நிதி ஒதுக்கீடும் எக்கணக்கில் எழுதப்படும் என்பதை எழுத்தில் பெறாமல் கைதட்டிவிடக் கூடாது.

இனி, பள்ளிகள் எவ்வாறு செயலாற்றுகின்றன என்னும் பகுதிக்கு வருகிறேன்.

மாதந்தோறும் நடைபெறும் தலைமையாசிரியர் கூட்டத்தில் எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "சதவீதம் எவ்வளவு?" என்பதே. 2025 ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. பன்னிரண்டாம் வகுப்பில் 95.03. நல்ல எண்கள்தாம். அரசுப் பள்ளி ஆசிரியர்களின் உழைப்பு அவற்றில் கலந்திருக்கிறது. மாலை வகுப்பு நடத்தி, தம் பணத்தில் சுண்டல் வாங்கிக் கொடுத்துப் படிக்க வைத்தவர்களை நானறிவேன். ஆனால் விழுக்காடு என்பது எதில் எத்தனை என்பதாயிற்றே! தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் வென்றனர் என்பதே அந்த எண். எழுத வராதவர் அதில் இல்லை.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் 40 பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று கொள்வோம். பத்தாம் வகுப்பில் 28 பேர் தேர்வெழுதி 27 பேர் வென்றனர். தேர்ச்சி 96 விழுக்காடு. பாராட்டுச் சான்றிதழ் உண்டு. நாற்பதில் கணக்கிட்டால் 67½. இடையில் போன 12 பேரில் குடும்பம் குடிபெயர்ந்து வேறு பள்ளிக்குச் சென்றவர்களைக் கழித்துவிட வேண்டும் என்பது உண்மையே. கழித்தபின் எஞ்சுபவர் எங்கே? சிலர் செங்கல் சூளையில், சிலர் திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலையில். பெண் பிள்ளையாயின் சில வேளை மணமேடையில். இன்னும் சிலரை ஒன்பதாம் வகுப்பிலேயே "இவன் சதவீதத்தைக் கெடுப்பான்" என்று கருதி, தனித்தேர்வராக எழுதச் சொல்லி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். விழுக்காட்டை மட்டுமே கேட்கும் மேலிடம் இருக்கும் வரை இது எங்கும் நடக்கக்கூடியதே.

நான் கவனித்த வரையில், நம் பிள்ளைகள் வகுப்பின் நடுவில் நழுவுவதைக் காட்டிலும் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள மூட்டுவாயில்களிலேயே அதிகம் நழுவுகிறார்கள். ஐந்திலிருந்து ஆறுக்கு, எட்டிலிருந்து ஒன்பதுக்கு, பத்திலிருந்து பதினொன்றுக்கு. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டுமென்பது விதி. உயர்நிலைப் பள்ளி இன்னும் தொலைவு. பேருந்துச் சலுகை அட்டை கிடைக்கிறது. பேருந்து அந்நேரத்தில் வர வேண்டுமே!

தொலைவை விடப் பெரிய காரணம் நிருவாகத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் அவர் கடமை முடிந்தது. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரோ வந்து சேர்ந்த பிள்ளைக்கு மட்டுமே பொறுப்பு. முன்னவர்க்கு மேலதிகாரி தொடக்கக் கல்வி அலுவலர். பின்னவர்க்கு மேலதிகாரி இடைநிலைக் கல்வி அலுவலர். 2018 இல் இணைத்ததும் 2022 இல் பிரித்ததும் அலுவலர்க்கு முக்கியமாக இருக்கலாம். நடுவில் உள்ள மே மாதத்தில் அந்தப் பிள்ளை எவருடைய பிள்ளை என்பதற்கு இரண்டு ஏற்பாட்டிலும் விடை இல்லை. "எமிஸ்" என்று நாங்கள் சொல்லும் கணினிப் பதிவேட்டில் அப்பிள்ளையின் பெயர் "பொதுத் தொகுப்பு" என்னும் இடத்தில் கிடக்கும். வேறொரு பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்கும். வட்டார வளமையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர்கள் வீடு தேடி வருகிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் ஒரு சிலர். ஊர்களோ பல.

கீழ் வகுப்புகளிலும் ஒரு வேர் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் இருவர். வகுப்புகளோ ஐந்து. இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் பாடநூல், சீருடை, காலணி ஆகியவற்றுக்குக் கையொப்பமிட்டு, உதவித்தொகைக்குச் சாதிச் சான்றும் வங்கிக் கணக்கும் சேகரித்து, படிவங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். அன்று ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர் ஒருவரே. அவரும் பயிற்சிக்குப் போய்விட்டால் சத்துணவு அமைப்பாளர்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். காமராசர் காலத்தில் 1956 இல் தொடங்கிய மதிய உணவும், 2022 இல் தொடங்கி மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்த காலை உணவும் பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவந்து விடுகின்றன. உள்ளே வந்தவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுத்தர ஆள் வேண்டும். ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவனே ஒன்பதாம் வகுப்பில் "சதவீதத்தைக் கெடுப்பவன்" ஆகிறான்.

ஆசிரியர் பணியிடம், ஆகஸ்டு முதல் நாள் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஒருவரை உபரி என்று எடுத்துச் செல்வார்கள். ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் நம் தெருவிலிருந்து ஆறு பிள்ளைகள் தனியார் ஆங்கில வழிப் பள்ளிக்குப் போனால், எஞ்சிய பிள்ளைகள் தம் ஆசிரியரை இழக்க நேரிடலாம். போகாதீர்கள் என்று எவரையும் நான் தடுக்கவில்லை. ஆகஸ்டு மாதத்தின் பொருளை அறிந்து போங்கள் என்கிறேன்.

மேலே மட்டும் பதில் சொல்லும் பள்ளியைக் கீழேயும் பதில் சொல்ல வைக்கச் சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. அது பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் பிள்ளைகளின் விகிதத்தில் இடம் தர வேண்டும். 2022 இல் நம் மாநிலத்தில் 20 பேர் கொண்ட குழுக்களாக இவை திருத்தியமைக்கப்பட்டன. தலைவரும் பெற்றோருள் ஒருவரே. கூலி வேலைக்குப் போகும் தாயொருத்தி அந்த நாற்காலியில் அமர்ந்து, தலைமையாசிரியரிடம் மானியக் கணக்கைக் கேட்கலாம். என்னைப் போன்றோர்க்கு முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்கட்டும். ஆனால் பல ஊர்களில் தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வருகிறது, கையொப்பம் பெறுகிறது, திரும்பிப் போகிறது. கூட்டம் நடந்ததாக எழுதப்படுகிறது.

சங்கத்தாரிடம் நான் வேண்டுவது கட்டடமும் அன்று, பரிசுக் கோப்பையும் அன்று. ஒரு பதிவேடு. நம் சங்கம் பணியாற்றும் ஒவ்வொரு தெருவிலும் 5 வயது முதல் 18 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, ஆண்டுதோறும் மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டும். மே மாதத்தில் 5, 8, 10 வகுப்பு முடித்த பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்டியில் இருந்தால் அப்பிள்ளை இன்னும் எப்பள்ளியிலும் சேரவில்லை என்று பொருள். ஜூலை மாதத்தில் சேராதவர் பட்டியலைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளையாயினும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையாயினும் முதன்மைக் கல்வி அலுவலரிடமே கொடுங்கள். இரு பிரிவுக்கும் மேலே உள்ளவர் அவர் ஒருவரே. கொடுத்ததற்கு ஒப்புதல் கையொப்பம் வாங்க மறவாதீர்கள்.

பதிவேட்டுக்கான மாதிரி ஒன்றைக் கோடிட்டுச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அதில் ஆறு கலங்கள்: பெயர், பிறந்த நாள், பெற்றோர், படிக்கும் பள்ளியும் வகுப்பும், சாதிச் சான்றும் வங்கிக் கணக்கும் உண்டா என்பது, கடைசியாக நேரில் பார்த்த தேதி. பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து அந்த ஆறாவது கலத்தை நிரப்ப வேண்டா. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.