ராஜா வேஷம்



ராஜா என்றதும் உங்கள் மனக்கண்ணில் யார் வருகிறார்? எனக்குக் கூத்து ராஜாதான். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்கள். முதலில் சலங்கைச் சத்தம், அப்புறம் திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி. "நீர் யார், எந்தத் தேசம்?" என்று கட்டியங்காரன் வம்புக்கு இழுப்பான். துரியோதன மகாராஜா லேசில் பெயரைச் சொல்லிவிடுவாரா? குலம், கீர்த்தி, நாடு, நகரம் எல்லாம் பாட்டாக வந்து முடிந்த பிறகுதான் பெயர். திரை விலகினால் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய கட்டைக் கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம், விரிந்த பாவாடை. ஒரு சுற்றுச் சுற்றினாரென்றால் முன்வரிசைக் குழந்தைகள் அம்மா மடிக்கு ஓடிவிடும். திறந்தவெளி, நடுராத்திரி, கடைசியில் நிற்பவருக்கும் ராஜா ராஜாவாகத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பளபளப்பில் காரணம் இருக்கிறது.

இந்த ராஜாவை மனசில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் ஆதிவராகர் குகைக்கோயிலுக்குப் போனால் கொஞ்சம் ஏமாற்றம்தான். இன்றும் பூசை நடக்கிற கோயில் அது. உள்ளே எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பல்லவ அரசர்கள், தங்கள் தேவியரோடு. ஒருவருக்கு மேலே சிம்மவிஷ்ணு என்றும் மற்றவருக்கு மேலே மகேந்திரர் என்றும் பல்லவ கிரந்த எழுத்தில் பெயர் பொறித்திருக்கிறது. இவர்கள் எந்த சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரர் என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. அது நடக்கட்டும். எனக்கு வேண்டியது அவர்கள் இருக்கும் தோரணை.

சிம்மவிஷ்ணு அமர்ந்திருக்கிறார், இரு தேவியர் பக்கத்தில் நிற்கிறார்கள். மகேந்திரர் நிற்கிறார். தலையில் உயரமான கிரீடம், மார்பில் துணி இல்லை. இடது கையால் அருகில் இருக்கும் தேவியின் கையைப் பிடித்திருக்கிறார். வலது கை கருவறைப் பக்கம் காட்டுகிறது. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் வாளுக்கு இடமே இல்லை. மனைவியைக் கோயிலுக்குக் கூட்டி வந்த மனிதர், அவ்வளவுதான்! முறைப்பு இல்லை, மிடுக்கான நடை இல்லை. ஆனாலும் இவர் அரசர் என்பதில் பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது.

கல்கி 1944-இல் தொடங்கிய 'சிவகாமியின் சபதம்' நாவலில் மகேந்திரர் வஜ்ரபாகு என்று மாறுவேடம் போட்டுத் திரிவார். கிரீடத்தைக் கழற்றினாலும் ராஜகளை போகாத ஆள் என்று கல்கிக்கும் பட்டிருக்க வேண்டும்.

அப்படியென்றால் அந்தக் காலத்து அரசர்கள் அடக்கமானவர்களா? அதெல்லாம் இல்லை. பெருமை முழுவதையும் பட்டப்பெயரில் கொட்டிவிட்டார்கள். மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தில் அரசர் உருவம் ஒன்று கைகளைத் தொங்கவிட்டுச் சும்மா நிற்கிறது. அந்த ரதத்திலேயே பல்லவ அரசர் நரசிம்மவர்மரின் விருதுப் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. கட்டியங்காரன் வேலையைக் கல்லெழுத்து பார்த்துக்கொண்டதால் உடம்பு ஆர்ப்பாட்டம் செய்யத் தேவைப்படவில்லை என்று தோன்றுகிறது. கூத்து ராஜாவுக்கு அந்த வசதி ஏது? பாவம், எல்லாவற்றையும் அவரே ஆடிப் பாடிச் சொல்லியாக வேண்டும்.

செங்கல்பட்டை ஒட்டிய வல்லத்தில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டில் மகேந்திரருக்குப் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று நான்கு விருதுகள். பிளக்க முடியாத இடியும் அவரே, மென்மையான இளந்தளிரும் அவரே! அந்த அரசருக்கு அடியவராக இருந்தவர் வயந்தப்பிரி அரசர் என்ற சிற்றரசர். அவருடைய மகன் கந்தசேனன்தான் கோயிலைச் செய்வித்தவர். பேரரசருக்கு நான்கு பட்டம், அப்பாவுக்கு அரசர் என்ற ஒரு சொல், கோயில் எடுத்த தனக்கு வெறும் பெயர். யார் முன்னால் எவ்வளவு குனிந்து, எவ்வளவு நிமிர்ந்து நிற்பது என்று அறிந்த பிள்ளை.

நாடகத்திலோ படத்திலோ சிற்றரசர் வேஷம் கட்டப் போகிறவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், மீசைக்கு மை தேடும் முன்பு வல்லம் போய்வாருங்கள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில்தான் இருக்கிறது.