கொழுத்த எருதும் குறித்த விலையும்

மாடு என்னும் சொல்லுக்குத் தமிழிலே செல்வம் என்பதும் ஒரு பொருள். பகைவரின் ஆநிரையைக் கவர்தலையே போரின் தொடக்கமாகப் பழந்தமிழ் இலக்கண நூலார் வகுத்தனர். மேற்றிசைக் கடலின் கோடியிலே, இலங்கையைவிடப் பெரிய தீவாகிய அயர்லாந்திலும் இத்தகைய மரபு இருந்தது. அந்நாட்டின் பழைய வீரகாவியம், பெயர்பெற்ற ஏறு ஒன்றைக் கவரச் சென்ற படையெடுப்பின் கதையாகும். அதன் பண்டைச் சட்டங்கள் பொருள்களின் பெறுமதியையும் குற்றத்துக்குரிய தண்டத்தையும் கறவைப் பசுக்களைக் கொண்டே கணக்கிட்டன.

இன்றும் அயர்லாந்துக் குடியரசில் 50 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களும், 60 இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளும் உள. அங்கு உற்பத்தியாகும் மாட்டிறைச்சியில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு கடல் கடந்து செல்கின்றது. அதனைப் பெரிதும் வாங்குவோர் பிரித்தானியர். இத்துணை மாட்டுச் செல்வம் படைத்த நாட்டிலே, மாட்டை வளர்த்தவர் அதன் விலையைத் தாமே சொல்லக்கூடிய நிலையில் இருக்கின்றாரா? இவ்வினாவே அந்நாட்டுக் கமக்காரரை வீதிக்கு இழுத்து வந்தது.

சிறு கமக்காரர் ஒருவரிடம் நலமடித்த நாம்பன்கள் 20 உள்ளன என்று கொள்க. அவை கோடையில் பசும்புல் மேயும். மாரியில், மழையும் குளிரும் நிலத்தைச் சேறாக்கும்போது, கொட்டிலில் நின்று பதப்படுத்திய புல்லைத் தின்னும். இவ்வாறு இரண்டாண்டுகள் கழிந்தபின், இறுதிச் சில மாதங்கள் தானியத் தீவனமும் பெற்று அவை கொழுக்கும். வாலடியையும் விலாவையும் கையால் அழுத்திப் பார்த்து, கொழுப்புப் படிந்துவிட்டதா என்பதை அனுபவமுள்ளோர் அறிவர்.

அவ்வாறு பக்குவம் வந்தபின்பே கமக்காரரின் கவலை தொடங்குகின்றது. நெல்லாயின் களஞ்சியத்தில் இட்டு விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். கொழுத்த எருதை அவ்வாறு வைத்திருத்தல் இயலாது. நாள்தோறும் அதற்குத் தீனி வேண்டும். தின்ற தீனியோ தசையாகாது வீண் கொழுப்பாகும். கொழுப்பு மிகுந்தால் தரம் குறையும். தரம் குறைந்தால் விலையும் குறையும். புல்லிலே கொழுத்த மாடுகள் இலையுதிர் காலத்தில் ஒருங்கே விற்பனைக்கு வருதலால், அப்பருவத்தில் விலை தளர்தலும் வழக்கம்.

அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1950களில் நாடெங்கும் பரவத் தொடங்கிய கூட்டுறவு ஏலக்களம். மற்றொன்று இறைச்சித் தொழிற்சாலை. ஏலக்களத்திலே பலர் முன்னிலையில் விலை கேட்கப்படும். கேட்ட விலை மனத்துக்கு ஒவ்வாதாயின் மாட்டை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம். தொழிற்சாலையின் முறை வேறு. ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்னும் அடிப்படை விலை மட்டும் முன்னரே தொலைபேசியிற் பேசப்படும். இறைச்சியின் நிறையும் தரமும் மாட்டின் உயிர் போனபின்பே தெரியவரும். அதன்பின் பேரம் பேசுவதற்கு இடமில்லை.

650 கிலோ நிறையுள்ள எருது நூற்றுக்கு 54 பங்கு தேறினால், தோலும் தலையும் குடலும் நீங்கிய உடல் ஏறக்குறைய 350 கிலோ இருக்கும். அந்நிறைக்கே பணம் கொடுக்கப்படும். உடற்கட்டு ஈ, யு, ஆர், ஓ, பீ என ஐந்து வகுப்பாகவும், கொழுப்பு ஒன்று முதல் ஐந்து வரையும் தரம் பிரிக்கப்படும். 2004 முதல் தரம் பிரிக்கும் பணியைப் பெரும்பாலும் படக்கருவிகளே செய்கின்றன. 2009 இன் இறுதியில் வந்த தர அடிப்படையிலான விலைமுறைப்படி, வகுப்பு ஏற ஏறக் கிலோவுக்குச் சில சதம் கூடும்; இறங்க இறங்கச் சில சதம் குறையும்.

இதனோடு ஊக்கத்தொகை ஒன்றும் உண்டு. எருது 30 மாத வயதைக் கடந்திருத்தல் ஆகாது. தரச்சான்று பெற்ற பண்ணையில் இருந்திருத்தல் வேண்டும். நான்கு பண்ணைகளுக்கு மேல் மாறியிருத்தல் கூடாது. இறுதிப் பண்ணையில் குறித்த நாட்கள் தங்கியிருத்தல் வேண்டும். இவையெல்லாம் பொருந்தினால், 2019 வரை கிலோவுக்கு 12 சதம் மேலதிகமாகக் கிடைத்தது. 350 கிலோவுக்கு அது 42 யூரோ. மாட்டின் வயது எல்லையை ஒரு நாள் கடந்தாலும் அத்தொகை முழுவதும் கைவிட்டுப் போயிற்று. அடிப்படை விலை ஒரு வாரத்திற் கிலோவுக்குப் 10 சதம் இறங்கினாலோ, மாடொன்றுக்கு 35 யூரோவும், 20 மாடுகளுக்கு 700 யூரோவும் நட்டமாகும். சிறு கமக்காரருக்கு அது மாரிகாலத் தீவனச் செலவிலே விழும் அடியாகும்.

இவ்விடத்தில் தொழிற்சாலையாரின் நியாயத்தையும் கேட்டல் முறையாகும். வயதெல்லை அவர்கள் பொழுதுபோக்காக வகுத்ததன்று. பைத்திய மாட்டு நோய்க்கும் மனிதரின் மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1996 மார்ச்சில் பிரித்தானிய அரசு அறிவித்தபோது, மாட்டிறைச்சிச் சந்தையே நிலைகுலைந்தது. அவ்வச்சத்தின் வழிவந்ததே 30 மாதக் கணக்கு. பெருங்கடைகள் அதனை விடாது கேட்கின்றன என்று தொழிற்சாலையார் கூறுவர். கமக்காரரோ, நோய் அடங்கிய பின்னும் விலையைக் குறைப்பதற்கு அவ்வெல்லை கருவியாயிற்று என்பர். உடலை நான்கு காலாகப் பிரித்து விலை பேசும் தொழிற்சாலை, தோல், ஈரல், குடல் முதலிய “ஐந்தாவது கால்” கொண்டுவரும் வருவாயை மறைக்கின்றது என்பதும் அவர்களின் நெடுநாட் குறை. கொள்வனவிற் பெரும்பங்கு மூன்று பெருங்குழுமங்களின் கையில் இருக்க, விற்போர் பல்லாயிரவராகச் சிதறிக் கிடக்கின்றனர்.

வாங்குவோர் சிலராகவும் விற்போர் பலராகவும் இருந்தால் என்ன நிகழும் என்பதை அந்நாடு முன்னமே கண்டதுண்டு. 1932 முதல் 1938 வரை பிரித்தானியாவோடு நடந்த பொருளாதாரப் போரின்போது, ஐரிஷ் மாடுகளுக்கு அங்கே கடுந்தீர்வை விதிக்கப்பட்டது. மாட்டு விலை வீழ்ந்தது. கன்றுகளைக் கொன்று தோலைக் கொடுத்தோருக்கு அரசே பணம் வழங்கும் நிலை வந்தது.

1966 ஒக்டோபரில், மாட்டு விலை வீழ்ச்சியால் மனம் நொந்த கமக்காரர், தேசிய கமக்காரர் சங்கத் தலைவர் றிக்கார்ட் டீசியின் தலைமையில், தென்மேற்கு மூலையிலுள்ள பன்ட்றி நகரிலிருந்து டப்ளின் வரை நடந்து சென்றனர். தலைநகரில் ஏறக்குறைய 30,000 பேர் கூடினர். அமைச்சர் சந்திக்க மறுக்கவே, தலைவர்கள் விவசாய அமைச்சின் படிகளில் ஏறக்குறைய மூன்று வாரம் அமர்ந்திருந்தனர்.

2019 கோடையில் அக்குறை மீண்டும் வெடித்தது. கிலோ விலை 3 யூரோ 50 சதத்தை அண்டி நிற்க, கமக்காரர் தொழிற்சாலை வாயில்களில் மறியல் செய்தனர். மாடுகள் உள்ளே செல்லவில்லை. அதனாற் குற்றமற்ற தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் சில காலம் வேலையிழந்தனர். செப்டெம்பர் 15 ஆம் நாள் உடன்பாடு எட்டப்பட்டது. ஊக்கத்தொகை 12 சதத்திலிருந்து 20 சதமாயிற்று. 30 மாதத்தைக் கடந்து 36 மாதத்துக்கு உட்பட்ட மாடுகளுக்கும் 8 சதம் வழங்க இணங்கினர். ஆயினும் அப்பேச்சு மேசையில் அடிப்படை விலையைப் பற்றி மட்டும் பேச முடியவில்லை. விற்போர் கூடி விலை நிர்ணயித்தலைப் போட்டிச் சட்டம் தடுத்தது. முறையாகப் பதிவு பெற்ற உற்பத்தியாளர் அமைப்பாக ஒன்றுசேர்ந்தாலன்றி, அவர்கள் கூட்டாக விலை பேசுதற்குச் சட்டம் இடந்தரவில்லை.

உணவுச் சந்தையில் நேர்மையற்ற வணிக முறைகளைத் தடுக்கவும், விலைச் செய்திகளை வெளிப்படுத்தவும் 2023 டிசெம்பரில் அரசு ஓர் ஒழுங்குமுறை அமைப்பை நிறுவியது. பின்னர், இறைச்சிக்காகக் கன்று ஈனும் பசுக்கள் குறைந்தமையாலும், ஐரோப்பாவில் மாட்டு வரவு சுருங்கியமையாலும், 2025 இல் கிலோ விலை 7 யூரோவைத் தாண்டியது. கமக்காரர் மகிழ்ந்தனர். ஆயினும் கொழுக்கவைப்பதற்கு வாங்கும் இளங்கன்றுகளின் விலையும் உடன் ஏறிற்று. உயர்ந்த விலைக்கு வாங்கிய கன்று கொழுத்து நிற்கும் நாளில் விலை இறங்கிவிடின், முன்னையினும் பெரிய நட்டம் நேரும்.

ஆதலின் அந்நாட்டின் அறிந்த கமக்காரர் ஏற்ற விலையை மட்டும் நம்பியிருப்பதில்லை. மாட்டின் பிறந்த நாளைக் குறித்து வைக்கின்றனர். தராசில் அடிக்கடி நிறுத்துப் பார்க்கின்றனர். கொழுப்பைக் கையாலே ஆராய்கின்றனர். ஒரு தொழிற்சாலையோடு நில்லாது பல தொழிற்சாலைகளின் விலையை விசாரிக்கின்றனர். இயன்றவிடத்து அயலாரோடு சேர்ந்து தொகையாக விற்கின்றனர். கொழுத்த எருது காத்திருக்காது. அதனை உடையவர் தனித்து நில்லாது, கணக்கறிந்து, அயலாரோடு கூடி நிற்பாராயின், தம் உழைப்பின் விலையைப் பற்றித் தாமும் ஒரு சொல் சொல்லலாம்.