பெயர் ஒன்று, பொதி வேறு

ஸ்கூடாய் யூ.டி.எம். மாணவரானாலும் பெரிய நிறுவனமானாலும், மென்பொருள் கட்டும்போது பிறர் எழுதிய துணைப்பொதிகளை இணையத்திலிருந்து எடுத்துத்தான் சேர்க்கிறார்கள். கேட்ட பொதிக்குப் பதில் வேறொன்று வந்தால்?

அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர், நிறுவனங்களின் உள்பொதிப் பெயர்களிலேயே, பெரிய பதிப்பு எண்ணுடன், பொதுக் களஞ்சியங்களில் பொதிகளை வைத்துச் சோதித்தார். எண் பெரியதென்று கருவிகள் வெளிப்பொதியையே எடுத்தன. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குள் அவரது நிரல் ஓடியது. இதை 2021 பிப்ரவரியில் வெளியிட்டார். அவர் எச்சரித்தார், திருடன் என்றால் சொல்லமாட்டான்.

ஆகவே புதிய பதிப்பு எதிர்பாராமல் வந்தால், அது எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது, எந்தப் பொதி அதைக் கேட்டது என்று முதலில் பாருங்கள். சரியான பதிப்பைப் பூட்டுக் கோப்பில் பதிந்து வையுங்கள்.

சாமான் வாங்கப் பிள்ளையை அனுப்பும்போது, பெயரோடு கடையையும் சொல்லித்தானே அனுப்புகிறோம்!