மாறாத முகம்



தலைவலி வந்தால் நம் வீடுகளில் முதலில் தேடுவது கோடாலித் தைலத்தை. 1928இல் சிங்கப்பூரில் லியுங் யுன் சீ என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. புட்டியில் இருந்த கோடாலிப் படத்தைப் பார்த்து நம் மக்களே தமிழில் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் ஏமாறாமல் அதை வாங்கிவர முடிந்தது. ஒரு பொருளுக்கு ஒரு முகம் இருந்து, அந்த முகம் மாறாமலும் இருந்தால் கிடைக்கிற நன்மை இது. இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நம் மலேசிய நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. தாப்பாவிலிருந்து மலையேறினால் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஊர்கள் வரிசையாக வரும். இந்தக் கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழகிய மில்ன் என்பவரின் துணையோடு ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1933இல், சுபர்ஷாத் பன்சால் அகர்வால் தொடங்கிய பாரத் நிறுவனம் வந்தது. அதன் தேயிலையைக் ‘கேமரன் வேலி’ என்ற பெயரில் நாம் வாங்குகிறோம்.

இரண்டும் ஒரே மலையில் விளைபவை. ஒரே மழை, ஒரே குளிர். உலர்ந்த தூளைக் கையில் கொட்டிக் காட்டினால் எது எந்தத் தோட்டத்துடையது என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? ஆனால் கடையில் பொட்டலத்தைக் கண்டதும் தயங்காமல் கை நீட்டுகிறோம். முதலில் நிறம் கண்ணில் படுகிறது, அடுத்து எழுத்தின் வடிவம். பெயரை வாசிப்பது அதற்குப் பிறகுதான். அதனால்தான் நிறத்தையும் எழுத்தையும் அவை இருக்கும் இடத்தையும் அடிக்கடி மாற்றக்கூடாது.

மாற்றினால் என்ன ஆகும்? 2009இல் அமெரிக்காவில் டிராப்பிகானா ஆரஞ்சுச் சாறு தன் பெட்டியின் தோற்றத்தை அடியோடு மாற்றியது. உள்ளே இருந்தது அதே சாறுதான். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்தது. நிறுவனம் பழைய பெட்டிக்கே திரும்பியது.

நேயர்களே, வெளித்தோற்றம் மட்டும் மாறாமல் இருந்தால் போதுமா? போதாது, உள்ளே இருக்கும் சுவையும் மாறக்கூடாது. ‘போ’ நிறுவனத்துக்குக் கேமரன் மலையில் ஹபு, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் என்று மூன்று தோட்டங்கள். சிலாங்கூரின் தாழ்நிலத்தில் புக்கிட் சீடிங் என்று இன்னொன்று. உயரம் மாறினால் இலையின் மணம் மாறும். மழைக்காலக் கொழுந்து ஒரு விதம், வெயில்காலக் கொழுந்து வேறு விதம். ஆகவே தேயிலைத் தொழிலில் ஒவ்வொரு தொகுதியையும் ஊற்றிச் சுவைத்துப் பார்த்து, போன மாதத்துத் தேநீரின் சுவையே இந்த மாதமும் வரும்படி கலக்கிறார்கள். கொழுந்து பறிப்பவர், ஆலையில் உலர்த்துபவர், சுவைத்துக் கலப்பவர் எல்லாரும் சேர்ந்துதான் அந்த முகத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

அந்த உழைப்பில் நம் பங்கு பெரியது. ‘போ’ தோட்டத்திலும் சுங்கை பாலாசிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்ததே அங்கே நம் மக்கள் குடும்பம் குடும்பமாக உழைத்ததால்தான். இன்று வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களும் அந்தச் சரிவுகளில் வேலை செய்கிறார்கள். பொட்டலத்தின் பெயர் கெட்டால் இவர்கள் எல்லாருடைய உழைப்புக்கும் மதிப்புக் குறையும்.

இலங்கைத் தேயிலைச் சபையின் வாள் ஏந்திய சிங்கச் சின்னம், முகமும் தரமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதை அழகாக உணர்த்துகிறது. உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே பொதியப்பட்டிருக்க வேண்டும், தரச் சோதனையிலும் தேற வேண்டும். அப்போதுதான் பொட்டலத்தில் சிங்கத்தைப் பதிக்க அனுமதி. உள்ளே இருக்கும் பொருளுக்குச் சின்னம் பொறுப்பேற்கிறது.

மாறாத முகம் வணிகருக்கு லாபம் தரும் என்பதோடு நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். அது அவரைப் பொறுப்பில் கட்டிப்போடுகிறது. தரம் குறைந்தால் வாங்கியவர் அதே முகத்தைக் காட்டி நியாயம் கேட்கலாம். மாதத்துக்கு ஒரு பெயர், ஒரு நிறம் என்று மாற்றுகிறவரிடம் யார் போய்க் கேட்பது?

வீட்டிலிருந்தே மசாலாத்தூள், ஊறுகாய், முறுக்கு செய்து விற்கும் சகோதரிகளே, சிறுதொழில் நடத்தும் தம்பிமார்களே! அச்சகத்தில் எந்த நிறத் தாள் மலிவோ அதில் அடித்துக்கொள்வோம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு நிறம், ஒரு எழுத்து வடிவம், ஒரு சின்னம் தேர்ந்தெடுங்கள். பொட்டலம், கடைப் பலகை, பை, கைப்பேசியில் போடும் விளம்பரம் எல்லாவற்றிலும் அதையே வையுங்கள். எடையும் தேதியும் எப்போதும் ஒரே இடத்தில் தெளிவாக இருக்கட்டும். விற்பனை மந்தமான மாதத்திலும் முகத்தை மாற்றாதீர்கள். முதலில் பொருளின் தரத்தைச் சோதித்துப் பாருங்கள். தரத்தையும் தோற்றத்தையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்துக் காத்தவர்களின் பெயரைத்தான் மக்கள் கடையில் கேட்டு வாங்குகிறார்கள்.