சுவரை அளந்தாய், அடுப்பைப் பார்த்தாயா?

(கூரம் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நமது கூரம் சரித்திரப் புத்தகத்தில் இடம் பெற்ற ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த தானத்தைக் கூரம் செப்பேடு சொல்கிறது. தானம் கொடுத்த ஊரை 25 பங்காகப் பிரித்தார்கள். பூசைக்கும் கோயில் பராமரிப்புக்கும் 3 பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்க 1. பாரதம் வாசிக்க 1. மீதி 20 பங்கும் வேதம் கற்ற 20 பேருக்கு. செக்கின் வரும்படியும் தறியின் வரும்படியும் அந்தப் பங்குதாரர்களுக்கே! தறிக்குழியில் கால் வைத்து நெய்தவனுக்கு என்ன பங்கு? அந்தக் கணக்கில் அவன் இல்லை.

ராஜா போய்விட்டான். இன்று வீட்டு வரி போடுவது நாம் ஓட்டுப் போட்டு அமைக்கும் ஊராட்சி. ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம்.

நாற்பது வருஷம் பட்டு நெய்த கிழவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கண் மங்கிவிட்டது. இழை தெரியவில்லை. தறி நின்றுவிட்டது. மிச்சம் ஒரு சின்ன வீடு. ஆலையில் உழைத்து ஓய்ந்தவருக்கும், நாற்று நட்டு முதுகு வளைந்த அம்மாவுக்கும் இதே கதைதான். பக்கத்தில் ரோடு வந்தால், தொழிற்சாலை வந்தால், வீட்டின் விலை ஏறுகிறது. ஏறட்டும்! சுவரைப் பெயர்த்து உலையில் போட முடியுமா? அந்த விலை கைக்கு வர வேண்டுமானால் வீட்டை விற்றுவிட்டுத் தெருவில் நிற்க வேண்டும். வரியையோ ரொக்கமாகக் கேட்கிறார்கள்.

ரொக்கம் எங்கே இருக்கிறது? நமது ராஜ்யத்தில் 1962-ல் முதியோர் பென்ஷன் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்தது. 2023-ல் 1,200 ரூபாய் ஆயிற்று. நாளுக்கு 40 ரூபாய்! இதில்தான் அரிசி, மருந்து, பஸ் செலவு, வரி எல்லாம்.

2022-ல் நகரங்களில் சொத்து வரியை உயர்த்தினார்கள். 15-வது நிதிக் கமிஷன் நிபந்தனை என்று காரணம் சொன்னார்கள். பெரும்பாலான நகரங்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவிகித உயர்வு. பெரிய வீட்டுக்கு அதிகம், சின்ன வீட்டுக்குக் குறைவு. அதில் நியாயம் உண்டு. ஆனால் சதுர அடியைப் பார்த்தவர்கள் உள்ளே எரியும் அடுப்பைப் பார்க்கவில்லை.

இது முடியாத காரியமா? மும்பையில் 2022 முதல் 500 சதுர அடி வரை வீட்டுக்குச் சொத்து வரி கிடையாது. கேரளத்தில் 2023 முதல் சொந்தமாகக் குடியிருக்கும் 60 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கு விலக்கு. டில்லி மாநகராட்சி முதியோருக்கு 30 சதவிகிதத் தள்ளுபடி தந்தது. ஆனால் வயதை மட்டும் பார்த்தால் பணக்காரத் தாத்தாவும் அதே வரிசையில் நிற்பார். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் ராஜ்யம் 1964-ல் வேறு வழி கண்டது. வருமானம் குறைந்த முதியவருக்கு வரி பாரமானால், அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை ராஜ்ய சர்க்காரே திருப்பித் தந்தது. முதலாளிகளின் நாட்டிலேயே இது நடந்தது, தோழர்களே!

"வரி இல்லாவிட்டால் தெரு விளக்கு எப்படி எரியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊராட்சியைப் பட்டினி போடச் சொல்லவில்லை. 1958-ஆம் வருஷப் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ், வசூலாகும் வீட்டு வரிக்கு ஈடாக சர்க்கார் மானியம் தரும் ஏற்பாடு இருந்தது. வசூலானதற்கு ஈடு தர முடிந்த சர்க்காருக்கு, ஏழை முதியவருக்காக விட்டுக்கொடுத்த வரிக்கு ஈடு தர முடியாதா?

நமது கோரிக்கைகள் மூன்று: 60 வயது தாண்டி, வருமானம் குறைந்து, தன் ஒரே வீட்டில் குடியிருப்பவருக்கு வரி விலக்கு வேண்டும். பாக்கிக்காக அவர் வீட்டுக் குடிநீரைத் துண்டிக்கக் கூடாது. ஊராட்சியின் நஷ்டத்தை சர்க்கார் ஈடு செய்ய வேண்டும்.

மே தினத்தன்று கிராம சபை கூடும். வாருங்கள். நடக்க முடியாத பெரியவர்களைக் கை பிடித்து அழைத்து வாருங்கள். தீர்மானத்தை எழுதி, படித்துக் காட்டச் சொல்லி, கையெழுத்துப் போடுங்கள். செப்பேட்டில் விட்டுப்போன நெசவாளியின் பெயர் தீர்மானப் புத்தகத்திலாவது ஏறட்டும்!