மண்ணில் புதைந்த சொல்

  

குண்டு விழும் ஊரில் பாட்டு எதற்கு? பாட்டு ஏவுகணையைத் தடுக்குமா? உக்கிரைன் மக்களுக்காகப் பிற நாட்டுப் பாவலர் பாடுங்கால் இவ்வினா எழுகின்றது. தடுக்காது என்பதே நேரிய விடை. ஆயின், பாட்டுக்கு ஆற்றல் இல்லையெனில் ஆள்வோர் அதற்கு அஞ்சியது ஏன்?

தாராசு செவ்சென்கோ 1814-இல் பண்ணையடிமையாகப் பிறந்தார். அவர்தம் ஓவியத் திறங் கண்ட உருசிய ஓவியர் பிரியுல்லோவு, உருசியப் பாவலர் சுக்கோவ்சுகியின் உருவத்தைத் தீட்டினார். அவ்வோவியத்தைக் குலுக்கலில் விட்டுத் திரட்டிய 2,500 உரூபிளால் 1838-இல் செவ்சென்கோவின் அடிமைத்தளை அறுந்தது. 1840-இல் 'கொப்சார்' என்னும் அவர்தம் பாத்தொகை வெளிவந்தது. 1847-இல் உருசியப் பேரரசு அவரைச் சிறைப்பிடித்துக் கடைநிலைப் படைஞராக்கி நெடுந்தொலைவு கடத்தியது. எழுதவுங் கூடாது, வரையவுங் கூடாது என ஆணையிட்டான் முதலாம் நிக்கோலாசு. 1876-இலோ, அம்மொழி நூல்களை அயல்நாட்டினின்று கொணர்வதும், அம்மொழியில் நாடகம் நடிப்பதும் தடுக்கப்பட்டன. நூல் அச்சிடுதலும் பெரிதும் முடக்கப்பட்டது.

ஒன்றைக் கருதுக. தளையறுத்தோரும் உருசியர்; வாய்ப்பூட்டு இட்டோனும் உருசியனே. ஆதலின் அம்மக்களின் போராட்டம் ஓர் இனத்தின்மேற் கொண்ட வெறுப்பன்று. பிறர் வாயை அடைக்கும் செருக்கை எதிர்த்தெழுந்த மான உணர்ச்சி.

அச்செருக்கு பேரரசோடு மாயவில்லை. பொதுவுடைமை ஆட்சிக் காலத்தும் வசீல் சுட்டூசு என்னும் பாவலர், பெர்ம் பகுதிச் சிறைக்கொட்டிலில் 1985-இல் உயிர்நீத்தார். அவர் அங்கு எழுதிய பாக்கள் பல பறிக்கப்பட்டன.

2022-இல் படையெடுப்பு நேர்ந்தது. இசியும் நகரையடுத்த ஊரில் வாழ்ந்தவர் வொலொதிமிர் வக்குலென்கோ; குழந்தைகளுக்காக எழுதியவர், பாவலர். உருசியப் படையினர் அவரைப் பிடித்துச் செல்லுமுன், தம் நாட்குறிப்பைத் தோட்டத்துச் செர்ரி மரத்தடியில் புதைத்தார். பின்னர் அவர் கொல்லப்பட்டார். ஊர் மீட்கப்பட்டபின், விக்தோரியா அமெலினா என்னும் எழுத்தாளர் அவ்வீட்டிற்குச் சென்று, வக்குலென்கோவின் தந்தையொடு மண்ணைத் தோண்டி அந்நாட்குறிப்பை வெளிக்கொணர்ந்தார். 2023-இல் அது நூலாயிற்று. புதினம் எழுதிவந்த அமெலினா, போர் தொடங்கியபின் பாட்டெழுதலானார்; போர்க்குற்றங்களைப் பதிவு செய்யும் பணியிலும் இறங்கினார். 2023 சூன் திங்களில், தோழமை காட்ட வந்த கொலம்பிய எழுத்தாளர்களுடன் கிராமத்தோர்சுக் நகர உணவகம் ஒன்றில் அமர்ந்திருந்தபோது ஏவுகணை தாக்கியது. சூலை முதல் நாள் உயிர்நீத்தார். அகவை 37.

ஒருவர் புதைத்த சொல்லை மற்றொருவர் எடுத்தார், எடுத்தவரும் வீழ்ந்தார், சொல் வீழவில்லை. தோழமை என்பதன் பொருள் இதுவே.

இரங்கி நாலடி பாடிவிட்டு, தன் பாட்டைத் தானே வியந்து நிற்பது தோழமையாகாது. அம்மக்களின் பாவலரைப் பெயர் சொல்லி அறிதல் வேண்டும். அவர்தம் பாக்களை, இயலுமாயின் அவர்தம் மொழியினின்றே பெயர்த்தல் வேண்டும். அவர் குரலை முன்னிறுத்தித் தன் குரலைப் பின்னிறுத்தல் வேண்டும். அமெலினாவின் கைகள் செய்த பணியும் அதுவன்றோ?

மாண்டாரை எண்ணிப் பாடுவதைக் கையறுநிலை என்கின்றது தமிழ் இலக்கணம். செயலற்ற நிலையிலும் சொல்லற்றுப் போகாமையே அதன் உயிர். செர்ரி மரத்தடியில் புதைந்த தாள்கள் அவ்வுண்மையை உலகிற்கு உரைக்கின்றன.

வெல்க அம்மக்கள் விடுதலை! வாழ்க அவர்தம் மொழி!